படத்தில் மழை

என் தகப்பனார் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தார். இதைச் சொல்லாமல், நான் செய்த ஒரே படத்தைப் பற்றி எழுத முடியாது. காமிரா இல்லாமல் செய்த படம் அது. ஓடும் நேரம் நூறு விநாடி. முழுதாகப் பார்த்தவர்கள் என்னையும் சேர்த்து நான்கு பேர். இவ்வளவு சிறிய விஷயத்துக்கு ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். நாற்பது வருஷங்களாக நானும் அப்படி நினைத்துத்தான் எழுதாமல் இருந்தேன். இப்போது எழுதக் காரணம், அந்தப் பிலிமைக் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சுத்தம் செய்து தருவதாக ஓர் இளைஞர் சொன்னதுதான். எதைச் சுத்தம் செய்வது என்று அவருக்கு உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கொட்டகை காவிரிக் கரையின் சிறிய ஊர்களில் மாறி மாறி நின்றது. பகல் காட்சி கிடையாது. கீற்றுக்கிடையே வெளிச்சம் வந்துவிடும். இரவில் இரண்டு ஆட்டம். ஒரே புரொஜெக்டர் ஆதலால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. நகரங்களில் ஓடி, சிறு நகரங்களில் ஓடி, கடைசியாக எங்களிடம் வந்து சேரும் பிரதிகளில் கீறல் இல்லாத ரீல் கிடையாது. திரையில் அவை மேலிருந்து கீழாகக் கோடுகளாக இறங்கும். தரை டிக்கெட்டிலிருந்து யாராவது ஒருவன், 'மழை பேயுதுடோய், கொடை கொண்டாங்க' என்று கத்துவான். கொட்டகை சிரிக்கும். அப்பா சிரித்து நான் பார்த்ததில்லை. ஏற்கெனவே பெய்த மழைக்கு அவர் பொறுப்பில்லை. தன் இயந்திரத்தில் புதிதாக ஒரு கோடுகூட விழக்கூடாது என்பதுதான் அவருடைய தொழில் தர்மம். ஒவ்வொரு ரீலுக்கும் இடையே, பிலிம் ஓடும் பாதையைத் துணியால் துடைப்பார். அங்கே ஒட்டிக்கொள்ளும் ஒரு மணல்துகள் போதும், ஆயிரம் அடியையும் கிழித்துக்கொண்டு போக. எங்கள் கொட்டகையோ மணலில் நின்றது.

பிலிம் அறுந்தால் ஒட்டவேண்டும். அறுந்த முனைகளைச் சமமாக வெட்டி, ஒரு முனையின் மருந்தைப் பிளேடால் சுரண்டி, சிமெண்ட் தடவி, மேலே மற்ற முனையை வைத்து அழுத்தி, மனதுக்குள் பத்து எண்ணுவார். வெளியே விசில் பறந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு ஒட்டுக்கும் இரண்டு மூன்று பிரேம்களாவது போய்விடும். சில சமயம் பத்துப் பன்னிரண்டு. வெட்டிய துண்டுகளை அவர் எறிவதில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். என் வயதுப் பையன்கள் பிலிம் துண்டுக்காக உயிரை விட்ட காலம் அது. பியூஸான பல்பில் தண்ணீர் நிரப்பி, கண்ணாடித் துண்டால் வெயிலை அதன்மேல் திருப்பி, சுவரில் கட்டிய வேட்டியில் நாங்கள் படம் காட்டுவோம். அதற்காக அந்த டப்பாவிலிருந்து ஒரே ஒரு துண்டு கேட்டேன். 'அது கணக்கு, தொடாதே' என்றார். பிரதி திரும்பிப் போகும்போது அடி குறைந்திருந்தால், வெட்டி விற்றுவிட்டதாக யாரும் தன்னைச் சொல்லிவிடக்கூடாது. அதற்கு அந்தத் துண்டுகள் சாட்சி. எந்தத் துண்டையும் யாரும் வந்து கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் டப்பா நிரம்பிக்கொண்டு வந்தது.

நான் ஓவியக் கல்லூரியில் சேர்ந்து அச்சோவியம் படித்தேன். தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இறக்குவது. கோட்டின் ஆழம்தான் கருமை என்பதைக் கை தெரிந்துகொள்ள இரண்டு வருஷம் ஆயிற்று. அந்தச் சமயத்தில், 1980-ல், ஒரு பிலிம் சொசைட்டித் திரையிடலில் நார்மன் மக்லாரனின் 'பிளிங்கிட்டி பிளாங்க்' பார்த்தேன். 1955-ல் கனடாவில் செய்த படம். கறுப்புப் பிலிமின் மருந்தை நேரடியாகச் சுரண்டி, காமிராவே இல்லாமல் ஆக்கியிருந்தார். இரண்டு பறவைகள் போலச் சில கோடுகள். தொடர்ந்து வரையப்பட்டவை அல்ல. ஒரு பிரேமில் கோடு. பிறகு பல பிரேம்கள் வெறும் கறுப்பு. மறுபடி ஒரு தெறிப்பு. இருந்தும் நம் கண் விடுபட்டதை நிரப்பிக்கொள்கிறது. இல்லாத இடத்தில் பறவை பறக்கிறது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கலை கண்ட பரவசம் என்று இதை எழுதினால் பாதிதான் உண்மை. அப்பா வாழ்நாள் முழுவதும் எதைத் தடுக்கத் துணியும் கையுமாக நின்றாரோ, அந்தக் கீறலையே ஒருவர் படமாக்கிவிட்டார் என்பதுதான் என்னை உறுத்தியது. எனக்கு அது ஒரு விடுதலையாகவும் இருந்தது. இருபது வயதில் தகப்பனிடமிருந்து கிடைக்கும் எந்த விடுதலையும் இனிப்பானது.

புதுப் பிலிம் வாங்க எனக்கு வசதி இல்லை. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, கேட்காமல் டப்பாவை எடுத்துக்கொண்டு சென்னைக்கு வந்துவிட்டேன்.

விடுதி அறையில் ஒரு கண்ணாடிப் பலகைக்கு அடியில் விளக்கு வைத்து, துண்டுகளைப் பரப்பினேன். ஐநூற்றுச் சொச்சம் துண்டுகள். ஏறக்குறைய 3,000 பிரேம்கள். விநாடிக்கு 24 என்று கணக்கிட்டால் இரண்டு நிமிஷம் ஐந்து விநாடி. அப்பாவின் இருபது வருஷத்து விபத்துகள் எல்லாம் சேர்ந்து ஒரு பாட்டுக்குக்கூடக் காணாது என்று அப்போது எனக்கு வேடிக்கையாக இருந்தது. எந்தப் படம், யார் முகம் என்று பார்க்கக்கூடாது என்பது நான் எனக்கு விதித்துக்கொண்ட நியதி. வெளிச்சத்தின் அளவுப்படி அடுக்கினேன். இருட்டான துண்டுகள் முதலில், வெளுத்தவை கடைசியில். வண்ணத் துண்டுகளில் பல நிறம் போய்ச் சிவப்பேறிக் கிடந்தன. ஒட்டினேன். ஒவ்வொரு ஒட்டும் ஒரு பிரேமைத் தின்றது. இழந்தவற்றைச் சேர்ப்பதற்காகவே மேலும் ஐநூற்றுக்கு மேல் இழந்தேன். மிஞ்சியது 2,400.

பிறகு ஊசியை எடுத்தேன். கறுப்புவெள்ளைத் துண்டில் கீறினால் வெள்ளைக் கோடு விழும், அவ்வளவுதான். வண்ணப் பிரதியில் மருந்து மூன்று அடுக்கு. மேலாகக் கீறினால் மெஜந்தா அடுக்கு மட்டும் போய்ப் பச்சைக் கோடு தெரியும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் அதன் கீழ் அடுக்கும் போய் மஞ்சள். முழுதும் சுரண்டினால் வெள்ளை. தகட்டில் ஆழம் கருமையாயிற்று. இங்கே ஆழம் நிறமாயிற்று. கை அழுத்தத்தை வைத்து நிறம் தேர்வது நான் கற்றதெல்லாம் ஒன்றுகூடிய காரியமாக இருந்தது. ஆறு வாரம் வேறு எதுவும் செய்யவில்லை.

பிலிமைப் போட்டுப் பார்க்க 35 மி.மீ. புரொஜெக்டர் வேண்டும். அது கல்லூரியில் இல்லை. எனவே நாடா நாடாவாக வெட்டாமல் மடித்து, வகுப்பு ஜன்னலில் தொங்கவிட்டேன். காலை வெயிலில் அது நன்றாகத்தான் இருந்தது. ஓர் ஆசிரியர் நெடுநேரம் பார்த்துவிட்டு, 'இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்துச் சட்டம் போட்டுவிடு, இதுவே முடிந்த படைப்பு' என்றார். அவர் மனமாரச் சொன்னார். நண்பர்களும் பாராட்டினார்கள். இரண்டு நாள் நானும் நம்பினேன். மூன்றாம் நாள் அந்தப் பாராட்டு எனக்குக் கசந்தது. ஜன்னலில் தொங்குவது சலனத்தின் பிரேதம். அதை ஓவியமாகப் பார்க்கலாம், பார்த்தார்கள். ஆனால் நான் கீறியது ஒரு கோட்டை அல்ல. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை. அது ஜன்னலில் தெரியாது.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். புரொஜெக்டரில் பிலிம் வழுக்கிக்கொண்டு ஓடுவதில்லை. ஒவ்வொரு பிரேமும் வந்து நிற்கிறது, பிறகு இழுக்கப்படுகிறது. மால்ட்டீஸ் சிலுவை என்ற பல்சக்கரம் இந்த நிறுத்தலையும் இழுத்தலையும் செய்கிறது. இழுக்கும் நேரத்தில் ஷட்டர் ஒளியை மறைத்துவிடும். நிற்கும்போதும் ஒருமுறை மறைக்கும். இல்லாவிட்டால் கண் துடிப்பை உணர்ந்துவிடும். ஆக, ஒரு விநாடியில் 48 முறை திரை இருண்டுபோகிறது. மூன்று மணி நேரப் படம் பார்க்கிறவன் அதில் கணிசமான நேரம் இருட்டையே பார்க்கிறான். அசைவு அந்த இருட்டில்தான் உண்டாகிறது. பிரேமில் இல்லை, பார்க்கிறவனிடம் இருக்கிறது. பிரேம்களுக்கு நடுவே நேர்வதே பிரேமில் இருப்பதைவிட முக்கியம் என்ற பொருளில் மக்லாரன் சொல்லியிருக்கிறார். எனக்கு இதை முதலில் சொன்னது மக்லாரன் அல்ல. எட்டு வயதில் கேபினில் என்னைத் தூக்கி, ஷட்டரை விரலால் சுற்றிக் காட்டிய அப்பா. அதை நான் மறந்திருந்தேன்.

1982 பொங்கல் விடுமுறையில் பிலிமை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். இரண்டாம் ஆட்டம் விட்டுச் சனம் கலைந்த பிறகு அப்பாவிடம் ரீலை நீட்டினேன். கொஞ்சம் இழுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். எது என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. விரலால் ஒட்டுகளைத் தடவிக்கொண்டே போனார்.

'ஒட்டு நிக்காது, தம்பி. சிமெண்ட நெறைய விட்டிருக்கே. சுரண்டலும் பத்தல.'

போட்டார். பத்து விநாடிக்குள் அறுந்தது. மறுபடி போட்டார், அறுந்தது. மூன்றாம் முறை ஒரு பிரேம் நின்ற இடத்திலேயே நின்று, கார்பன் வெளிச்சத்தில் நடுவில் பழுப்பாகக் கொப்புளித்துப் பரவியதைத் திரையில் பார்த்தோம். அப்பா விளக்கை மூடினார்.

அடுத்த மூன்று இரவுகள், ஆட்டம் முடிந்த பிறகு, என் ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அவர் திரும்ப ஒட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிளேடு எடுத்துக் கொடுத்தேன். நாங்கள் இருவரும் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பேச்சு ஒன்றும் இல்லை. நான்காம் இரவு படம் ஓடியது. மணலில் கொட்டகைக் காவல்காரரும் கேபின் பையனும் உட்கார்ந்திருந்தார்கள். நான் பின்னால் நின்றேன். அப்பா கேபின் துவாரத்தில்.

சத்தம் இல்லாத படம். ஒலிப்பாதை என்று ஓரத்தில் இருந்தது துண்டு துண்டான முனகலாக வருமென்று, ஒலியை அடைத்துவிட்டார். ஒட்டுகள் இயந்திரத்தில் தட்டும் சத்தம் மட்டும், மழை ஓட்டில் விழுவதுபோல. திரையில் முகங்கள் வந்தன. ஒரு முகத்துக்கு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம். யார் என்று தெரியும், பெயர் சொல்வதற்குள் போய்விடும். என் பச்சைக் கோடுகள் அவற்றின்மேல் பாய்ந்தன. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பிறகு கேபினிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. யாரிடமும் சொல்வதாக இல்லை. 'திருக்காட்டுப்பள்ளி' என்றார். கொஞ்சம் விட்டு, 'இது பாபநாசம். காத்துல கூரை போன அன்னிக்கி.' பிறகு 'அய்யம்பேட்டை.' பிறகு மறுபடி திருக்காட்டுப்பள்ளி. நடிகர் பெயர் ஒன்றுகூட அவர் வாயில் வரவில்லை. எந்த ஊரில், எந்த இரவில் அறுந்தது என்று மட்டும். எல்லாவற்றையும் சொல்லியிருக்க முடியாது. ஓட்டம் அவர் வாயைவிட வேகம். ஆனால் வெளிச்சத்தின் அளவுப்படி நான் அடுக்கியிருந்த சூக்கும உருவம் ஒன்று, அந்த நூறு விநாடியில், ஒரு மனிதரின் நாட்குறிப்பாக வாசிக்கப்பட்டுவிட்டது.

முடிந்ததும் கீழே இறங்கி வந்தார். பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, 'இதுல எந்த மழை பழசு, எந்த மழை நீ போட்டதுன்னு எனக்குத் தெரியும். மெஷின் கீறினா நேரா ஓடும். கை கீறினா நடுங்கும். பாக்கிறவனுக்கு அது தெரியுமா?' என்றார்.

தெரியவேண்டியதில்லை என்று சொன்னேன். திரையில் எல்லாக் கோடும் ஒன்றுதான் என்றேன். சிறுபத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த பையனின் பதில் அது. அவர் தலையாட்டினார். ஒப்புக்கொண்டார் என்று நினைத்தேன்.

நம்மிடையே 'சோதனை' என்ற சொல்லுக்கு ஒரு கௌரவம் இருக்கிறது. 'எழுத்து' தொடங்கிய 1959-லிருந்து இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நாம் சண்டை போட்டிருக்கிறோம். பெரும்பாலும் சோதனையின் பக்கம் நின்று. இப்போதும் நான் அந்தப் பக்கம்தான். ஆனால் சோதனைச் சாலையில், சோதிக்கப்படும் பொருள் பல சமயம் சோதனையிலேயே அழிந்துபோகிறது. அது யாருடைய பொருள் என்ற கேள்வியை நாம் அதிகம் கேட்டதில்லை. அமெரிக்காவில் ஸ்டான் பிராக்கேஜ் 1963-ல் விட்டில் சிறகுகளையும் இலைகளையும் ஒட்டும் நாடாவுக்கு நடுவே வைத்து 'மாத்லைட்' செய்தார். செத்துக் கிடந்த விட்டில்கள். அவற்றின் கணக்கை யாரும் வைத்திருக்கவில்லை. புரூஸ் கானர் 1958-ல் பிறர் எடுத்த பிலிம் துண்டுகளைச் சேர்த்தே 'எ மூவி' செய்தார். அவற்றை எடுத்தவர்கள் அவருக்கு முகமற்றவர்கள். என் துண்டுகளுக்கு உரியவர் கேபினில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் ஓவியர்கள் பிலிமுக்குள் வந்த கதையும் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ஹுசேன் 1967-ல் ராஜஸ்தானை எடுத்த படம் பெர்லினில் பரிசு வாங்கியது. தையப் மேத்தா 1970-ல் பம்பாயில், அறுப்புக்கூடத்து மாடுகளை வைத்து எடுத்த படத்துக்குக் 'கூடல்' என்று நம் சொல்லைப் பெயராக வைத்தார். அக்பர் பதம்ஸீ, நேரு ஃபெலோஷிப் பணத்தில் பம்பாயில் ஒரு பட்டறை அமைத்து, வெறும் கோடுகளையும் புள்ளிகளையும் கொண்டு 'சிஸிஜி' என்ற மௌனப் படத்தைச் செய்தார். அதே பட்டறையில் இளம் மாணவியாக இருந்த நளினி மலானி 1969-ல் 'ட்ரீம் ஹவுசஸ்' செய்தார். நான் விடுதி அறையில் ஊசி பிடிப்பதற்குப் பத்து வருஷம் முன்பே இதெல்லாம் நடந்துவிட்டது. தெரிந்திருந்தால் எனக்குத் துணிச்சல் கூடியிருக்கும், கர்வம் குறைந்திருக்கும். பதம்ஸீயின் இன்னொரு படம், 'ஈவண்ட்ஸ் இன் எ கிளவுட் சேம்பர்'. அதற்கு ஒரே பிரதிதான் இருந்தது; அது தொலைந்துபோயிற்று. பல பத்தாண்டுகள் கழித்து, வயோதிகரான அவரை வைத்துக்கொண்டு, தொலைந்ததைத் தேடுவதாக அஷிம் அலுவாலியா அதே பெயரில் 2016-ல் ஒரு படம் எடுத்தார். ஒரே பிரதி உள்ள கலை என்றால் ஓவியருக்கு விசித்திரமில்லை. ஒவ்வொரு ஓவியமும் ஒரே பிரதிதான். ஆனால் ஓவியம் பார்ப்பதால் தேய்வதில்லை. பிலிம் ஒவ்வொரு முறை காட்டப்படும்போதும் கொஞ்சம் போகிறது. காட்டுவதும் அழிப்பதும் ஒரே செயலாக இருப்பதை அப்பாவின் துணி எனக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

எங்கள் கொட்டகை 1991-ல் பிரிக்கப்பட்டது. அப்பா 2003-ல் போய்ச் சேர்ந்தார். நான் அதற்குப் பிறகு பிலிமில் எதுவும் செய்யவில்லை, தகட்டுக்கே திரும்பிவிட்டேன். அந்த ரீல் இப்போது சுருங்கிவிட்டது. டப்பியைத் திறந்தால் காடி வாடை அடிக்கிறது. அசிட்டேட் பிலிம் கெடும்போது வரும் வாடை. ஓரத்துத் துளைகள் எந்த இயந்திரத்தின் பல்லுக்கும் இனிப் பொருந்தா. காட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு பிரேமாக ஸ்கேன் செய்வது ஒன்றே வழி.

அந்த இளைஞர் விஷயம் தெரிந்தவர். மென்பொருள் எப்படிச் சுத்தம் செய்யும் என்பதைப் பொறுமையாக விளக்கினார். ஒரு பிரேமை அதன் முன்னதோடும் பின்னதோடும் ஒப்பிடும். இரண்டிலும் இல்லாதது நடுவில் மட்டும் இருந்தால் அது அழுக்கு, எடுத்துவிடும். நேராக ஓடும் கீறலுக்குத் தனி முறை உண்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நியாயப்படி 'பிளிங்கிட்டி பிளாங்க்' முழுவதும் அழுக்கு. ஐந்து பிரேமுக்கு ஒருமுறை முகம் மாறும் என் படத்தில் முகங்களும் அழுக்கு. 'உங்கள் கோடுகளை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, பழைய கீறலை எடுத்துவிடலாம் சார். நீங்கள் எது எது என்று காட்டினால் போதும்' என்றார்.

அவரோடு திரைமுன் உட்கார்ந்து ஒவ்வொரு பிரேமாகப் பார்த்தேன். இருநூறு பிரேம் வரை காட்டினேன். பிறகு எனக்குத் தெரியவில்லை. நேராக ஓடும் சில கோடுகளை நான் அளவுகோல் வைத்துப் போட்டேனா, பாபநாசத்து மணல் போட்டதா? நடுங்கும் சில கோடுகள் என் கையா, பிலிமை எடுத்த வேறு யாருடைய நகமா? எல்லாக் கோடும் ஒன்றுதான் என்று நான் 1982-ல் சொன்னது இப்போது எனக்கு மட்டும் உண்மையாகிவிட்டது. வித்தியாசம் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். எதையும் எடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஸ்கேன் செய்த படம் நூறு விநாடி வரவில்லை, தொண்ணூற்று எட்டுதான். எங்கே குறைந்தது என்று எனக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பொங்கலுக்கு நான் சென்னை திரும்பியபோது காலி டப்பாவை ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அப்பா போன பிறகு அவர் சாமான்களோடு அது என்னிடம் வந்தது. திறக்காமலே பரணில் கிடந்தது. இப்போது இறக்கித் திறந்தேன். அடியில் ஒரு காகிதப் பொட்டலம். அந்த மூன்று இரவுகளில் என் ஒட்டுகளைப் பிரித்தபோது அவர் வெட்டியவை. எண்ணினேன், 47 பிரேம்கள். நடுவில் பழுப்பாகக் கொப்புளித்த ஒன்றும் இருந்தது. பொட்டலத்தின்மேல் அவர் கையெழுத்தில் ஊர்ப்பெயர் இல்லை. என் பெயர் இருந்தது.